தண்ணியை வடிச்ச பிறகும் தண்ணி விளக்கு திரும்ப எரியுது: டேங்க்கில் இன்னும் எவ்வளவு இருக்கு, எந்த வழியா வந்தது?

சேற்றுப்பாதை:
காமன் ரெயில் டீசல், ஃபோர் வீல் டிரைவ். 70 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், அடியில் ட்ரெயின் போல்ட் கிடையாது. ஹப் மூழ்குற அளவு ஓடையைத் தாண்டின மறுநாள் ஃபில்டரோட தண்ணி விளக்கு எரிஞ்சது. ஃபில்டருக்கு அடியில் தண்ணி சேர்ற கிண்ணத்தைத் திறந்து வடிச்சதில் சுமார் 150 மில்லி தண்ணி. 40 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி விளக்கு. இப்போ ஏத்தத்தில் இழுவை இல்லை, ஐடிலில் லேசா உதறுது, காலையில் ஸ்டார்ட் பண்ணினா கொஞ்சம் வெள்ளைப் புகை.

மூணு கேள்வி. விளக்கு எரியும்போதெல்லாம் வடிச்சு வடிச்சே ஓட்டிட முடியுமா? டேங்க்கை இறக்காம சுத்தம் பண்ண முடியுமா? மூடி இறுக்கமாத்தான் இருக்கு, அப்புறம் தண்ணி எந்த வழியா போச்சு?

டீசல்காது:
முதல் கேள்விக்கு மட்டும் இப்பவே பதில்: ஓட்டாதீங்க. சாவியைக்கூட ஆன் பண்ண வேண்டாம். டேங்க்குக்குள்ள பம்ப் இருக்கிற வண்டின்னா, சாவி போட்டதுமே அது சில நொடி ஓடி லைனில் பிரஷர் ஏத்தும். அது உறிஞ்சுறது டேங்க்கோட அடியில் இருந்து. தண்ணி கிடக்கிறதும் அங்கேதான்.

காமன் ரெயில் ஹை பிரஷர் பம்ப்புக்குத் தனி ஆயில் பெரும்பாலும் கிடையாது. ஓடுற டீசல்தான் அதுக்கு ஆயில். உள்ள பாகங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான், பிரஷர் 1600 பார், 2000 பார்னு போகும். அந்த இடத்தில் டீசல் படலம் அறுந்து தண்ணி நுழைஞ்சா இரும்பும் இரும்பும் உரசும். உரசின பொடி ரெயிலுக்கு, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பிரிச்சுக் கொடுக்கிற பொதுக் குழாய்க்குப் போகும், அங்கிருந்து இன்ஜெக்டருக்கு, மிச்சம் ரிட்டர்ன் வழியா திரும்ப டேங்க்குக்கே வரும். நாசில் முனையில் சிக்கின தண்ணி சூட்டில் ஒரே நொடியில் ஆவியா வெடிச்சு முனையையே உடைக்கிறதும் உண்டு. இதெல்லாம் ஓடும்போது வர்ற கேடு. ஓடாம நிறுத்தி வெச்சா துரு. இன்ஜெக்டர் ஊசி ஒட்டிக்கிட்டா ஒரு சிலிண்டர் ஒழுங்கா அடிக்காது.

ரெண்டாவது தடவை விளக்கு எரிஞ்சதே ஒரு சேதி. 40 கிலோமீட்டருக்கு எரிச்ச டீசல் அஞ்சு லிட்டர்கூட இருக்காது. ரிட்டர்னில் சுத்தி வர்றதையும் சேர்த்தா பம்ப் இழுத்தது அதைவிட அதிகம்தான், ஆனா அதுக்குள்ள கிண்ணம் மறுபடி நிறைஞ்சிருக்குன்னா டேங்க் அடியில் கிடக்கிறது சொட்டுக்கணக்கு இல்லை. ஸ்கேனர் இருந்தா பி2269 தண்ணிக்கான கோட், பி0087 ரெயில் பிரஷர் குறைவு. ரெண்டும் சேர்ந்து வந்தா ஃபில்டர் பேப்பர் ஊறி ஓட்டத்தை அடைக்குதுன்னு முதல்ல சந்தேகப்படுங்க. ஏத்தத்தில் இழுவை போறதும் அதோட பொருந்துது.

வடிகட்டி:
வடிப்பதற்கு முன் ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது எந்த வகைத் தண்ணீர் என்று தெரிந்தால்தான் அடுத்த வேலை.

டீசலில் தண்ணீர் மூன்று விதமாக இருக்கும். கரைந்தது கண்ணுக்குத் தெரியாது. ஐரோப்பிய டீசல் தரமான இஎன் 590 கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீரை அனுமதிக்கிறது. உங்கள் 70 லிட்டர் ஏறக்குறைய 58 கிலோ. அப்படியானால் தரமான டீசலிலேயே முழு டேங்க்குக்குச் சுமார் 12 மில்லி வரை இருக்கலாம். உங்களுக்குக் கிண்ணத்தில் மட்டும் 150 வந்திருக்கிறது. இது வெளியிலிருந்து வந்த தண்ணீர்.

அடுத்தது கலங்கல். பாட்டிலை அச்சடித்த தாளின் முன் பிடியுங்கள். எழுத்து மங்கினால் நுண்துளிகள் மிதக்கின்றன. தண்ணீர் சென்சார் என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். நுண்துளியாக மிதக்கும் தண்ணீரை அது அறியாது. விளக்கு அணைந்திருக்கிறது, ஆகவே தண்ணீர் இல்லை என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

மூன்றாவது, அடியில் தங்கிய தனித் தண்ணீர். சந்தேகமிருந்தால் சமையலுக்குப் போடும் திரவ நிறமியில் இரண்டு சொட்டு விடுங்கள். டீசலில் கரையாமல் மணி மணியாக இறங்கி, தண்ணீரைத் தொட்டதும் குப்பென்று பரவும். பரவாமல் அடியில் உருண்டு கிடந்தால் அங்கே தண்ணீர் இல்லை.

எவ்வளவு நேரம் அசையாமல் வைக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். டீசலில் 0.1 மில்லிமீட்டர் துளி 30 சென்டிமீட்டர் இறங்கச் சுமார் கால் மணி நேரம் ஆகும். விட்டம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறு மடங்கு, அதாவது ஒரு நாளுக்கு மேல். பெட்ரோல் நீர்த்தது, எடையும் குறைவு. அதே துளிகள் ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேகமாக இறங்கிவிடும். எனவே டீசல் மாதிரியை ஒரு இரவாவது வைத்துவிட்டுப் பாருங்கள்.

அடியில் தங்கிய திரவத்தைத் தகட்டில் காயவைத்து வெள்ளைப் படிகம் மிஞ்சினால் கதையே வேறு. அது உப்புத் தண்ணீராக இருக்கலாம், அல்லது புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்க்கில் ஊற்றும் திரவமான ஆட்புளூவை யாரோ டீசல் வாயில் ஊற்றியிருக்கலாம். ஆட்புளூவில் 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் தண்ணீர். அதுவும் அடியில்தான் தங்கும், அதே விளக்கைத்தான் எரியவைக்கும்.

கார்பரேட்டர்காலம்:
ஓடை மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. டேங்க்கைப் பாதியிலேயே வெச்சு ஓட்டுற பழக்கம் இருந்தா உள்ள வேர்த்துத் தண்ணி சேரும். ராத்திரி குளிர்ந்ததும் சுவரில் கோத்து நின்னு கீழ இறங்கும். எப்பவும் ஃபுல் டேங்க் வெச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வராது.

வடிகட்டி:
அண்ணே, இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 30 டிகிரியில் முழு ஈரப்பதமுள்ள ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் சுமார் 30 கிராம். 70 லிட்டர் டேங்க் பாதி காலி என்றால் உள்ளே 35 லிட்டர் காற்று. அதிலுள்ள ஈரம் அத்தனையும் ஒரு சொட்டு விடாமல் கீழே இறங்கினாலும் ஒரு கிராம்தான் சொச்சம். மறுநாள் புதிதாக உள்ளே வருவதும் முழு 35 லிட்டர் அல்ல, சூடு குளிர்ச்சியில் சில லிட்டர்தான். 150 மில்லி சேர மாதங்கள் அல்ல, வருடங்கள் ஆகும். அதற்குள் எத்தனையோ டேங்க் டீசல் ஓடி முடிந்திருக்கும்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டி, பெரிய சேமிப்புத் தொட்டி, இவற்றில் வேர்வை கணக்கில் வரும். ஓடுகிற வண்டியில் அரை லிட்டர் தண்ணீரைப் பார்த்துவிட்டு வேர்வை என்று முடித்துவிட்டால் உண்மையான ஓட்டை அப்படியே இருக்கும்.

கார்பரேட்டர்காலம்:
சரி, கணக்கு ஒத்துக்கிறேன். ஆனா சேமிப்பு டிரம்முல வர்றது வேர்வை மட்டும்னு நினைக்காதீங்க. டிரம்மை வெட்டவெளியில் நிமித்தி வெச்சா மேல விளிம்புக்குள்ள மழைத்தண்ணி தேங்கும். சாயங்காலம் டிரம் குளிர்ந்து உள்ளுக்கு மூச்சு இழுக்கும்போது மூடித் திருகு வழியா அந்தத் தண்ணியையும் சேர்த்து இழுத்துக்கும். படுக்க வெச்சு, ரெண்டு மூடியும் கடிகாரத்தில் மூணு, ஒம்பது இருக்கிற இடத்தில் வர்ற மாதிரி வைக்கணும். அப்போ மூடி ரெண்டும் உள்ள இருக்கிற டீசலில் மூழ்கியிருக்கும், மூச்சு இழுக்க இடம் இருக்காது. கேனில் இருந்து ஊத்துறப்பவும் கடைசி ஒரு லிட்டரை டேங்க்கில் கவிழ்க்காதீங்க.

நாலுசக்கரம்:
அண்ணன் சொன்ன டிரம் கணக்குதான் டேங்க்குக்கும்.

காமன் ரெயிலில் ரிட்டர்ன் டீசல் சூடா வரும், டேங்க்கும் சூடாகும். உள்ள காத்து 45 டிகிரின்னு வெச்சுக்குங்க. ஓடைத் தண்ணி பட்டு 25க்கு இறங்கினா 35 லிட்டர் காத்து ரெண்டு லிட்டருக்கு மேல சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப டேங்க் பிரீதர் வழியா, அதாவது காத்து போய் வர்ற மெல்லிய ஹோஸ் வழியா மூச்சு இழுக்கும். பிரீதர் முனை அந்த நேரம் தண்ணிக்குள்ள இருந்தா இழுக்கிறது தண்ணி. டேங்க் ஒரே நிமிஷத்தில் அவ்வளவு குளிராது, ஆனா பத்தில் ஒரு பங்கு நடந்தாலே 200 மில்லி. உங்க கணக்கோட ஒத்துப்போகுது பாருங்க. ஓடைக்கு முன்னாடி பத்து நிமிஷம் வண்டியை நிழலில் ஆறவிடச் சொல்றது இதுக்காகவும்தான், ஆக்சில் பிரீதருக்காக மட்டும் இல்லை.

பார்க்க வேண்டிய இடம் மூணு.

முதல்ல மூடிக் கிண்ணம். மூடியைச் சுத்தி இருக்கிற குழிவுக்கு அடியில் ஒரு சின்ன வடிகால் துளையும் அதில் இருந்து கீழ போற குழாயும் இருக்கும். அதில் சேறு அடைச்சா மழைத்தண்ணியும் வாட்டர் வாஷ் தண்ணியும் மூடி மேலயே தேங்கி நிக்கும். மூடிக்குள்ள வெற்றிடத்துக்குத் திறக்கிற வால்வு ஒண்ணு உண்டு, டேங்க் குளிரும்போது தேங்கின தண்ணியை அதுவே உள்ள விட்டுடும். மூடி இறுக்கமா இருந்தாப் போதாது. ஒரு டம்ளர் தண்ணியை மூடி போட்ட நிலையில் கிண்ணத்தில் ஊத்துங்க, உடனே கீழ வடியணும். ஓ-ரிங்கை நகத்தால அழுத்தினா பள்ளம் மீளணும், மீளலைன்னா மாத்துங்க.

ரெண்டாவது ஃபில்லர் ஹோஸ். வீல் ஆர்ச்சுக்குள்ள கல்லடி வாங்குற இடம். கிளிப் பக்கத்தில் விரலை வெச்சு வளைச்சுப் பார்த்தா வெடிப்பு வாயைத் திறக்கும். சும்மா பார்த்தா தெரியாது.

மூணாவதுதான் பிரீதர். டேங்க் மேல இருந்து கிளம்புற மெல்லிய ஹோஸ் எங்க போய் முடியுதுன்னு கையாலேயே தடவிக்கிட்டுப் போங்க. சில வண்டியில் சேஸிஸ் உயரத்திலேயே முடிஞ்சிடும். ஓடையில் வண்டிக்கு முன்னாடி எழும்புற அலையும் பக்கத்தில் அடிக்கிற வீச்சும் ஹப்பைவிட ரொம்ப மேல போகும்கிறதை மறக்காதீங்க.

சேற்றுப்பாதை:
மூடிக் கிண்ண வடிகால் சரியா இருக்கு, தண்ணி நிக்கல. பிரீதரை நாளைக்குத் தடவிப் பார்க்கிறேன். டேங்க்கை இறக்காம சுத்தம் பண்றதைப் பத்தி யாராவது சொல்லுங்க.

டீசல்காது:
பின் சீட்டுக்கு அடியில் டேங்க் பம்ப்பை எட்டுறதுக்கு மூடித் தகடு இருந்தா இறக்க வேண்டாம். தகடு இல்லாத வண்டியில் டேங்க் இறங்கித்தான் ஆகணும், ஃபில்லர் வாயில் ஹோஸ் விட்டு முழுசா எடுக்கிறது நடக்காது.

வண்டியை ஒரு ராத்திரி அசையாம நிறுத்துங்க. முடிஞ்சா பம்ப் இருக்கிற பக்கம் தாழ்வா இருக்கணும், தண்ணி அங்க வந்து சேரட்டும். பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க. தகட்டை எடுத்ததும் உடனே பம்ப்பைத் திறக்காதீங்க. ஆஃப் ரோடு வண்டியில் அங்க ஒரு விரல் கனத்துக்கு மண் இருக்கும், பிரஷ்ஷும் காத்தும் போட்டு எடுத்த பிறகுதான் பம்ப்பை இறுக்கிப் பிடிச்சிருக்கிற லாக் ரிங்கில் கை வைக்கணும். ரிங்கோட இடத்தை மார்க்கர்ல குறிச்சுக்குங்க.

8 அல்லது 10 மில்லிமீட்டர் கண்ணாடி மாதிரித் தெரியுற ஹோஸ். முனை டேங்க் அடியைத் தொடணும், கலக்காம மெதுவா இழுக்கணும். முதல் அஞ்சு லிட்டர் தனியா, பாட்டில் பாட்டிலா. தண்ணி எவ்வளவுன்னு அதிலேயே தெரிஞ்சிடும். மிச்சம் மொத்தமும் வேற கேனில்.

இப்போ நிறையப் பேர் விடுற இடம். பம்ப் ஒரு பிளாஸ்டிக் பானைக்குள்ள உக்கார்ந்திருக்கும். வண்டி சாயும்போது டீசல் தீராம இருக்க அந்தப் பானை அரை லிட்டரோ அதுக்கு மேலயோ தனியா பிடிச்சு வெச்சிருக்கும். டேங்க்கைப் பளபளன்னு துடைச்சுட்டு பானையில் இருக்கிற தண்ணியோட பம்ப்பைத் திரும்ப மாட்டினா அஞ்சாவது கிலோமீட்டரில் விளக்கு எரியும். பம்ப் மொத்தத்தையும் வெளிய எடுத்துக் கவிழ்த்து வடியுங்க.

நூல் பிரியாத துணியைக் குச்சியில் சுத்தி டேங்க் அடியைத் துடைங்க. லாக் ரிங் ஓ-ரிங் புதுசு போடுங்க. பழசு டீசலில் ஊறி ஊதியிருக்கும், பள்ளத்தில் உக்காராது.

10 லிட்டர் புது டீசல் ஊத்திட்டு, ஃபில்டருக்கு வர்ற ஹோஸைக் கழட்டி பாட்டிலில் விட்டு, பேட்டரியைத் திரும்ப மாட்டி, டேங்க் பம்ப்பை ஸ்கேனர் வழியா ஓட்டுங்க. ரெண்டு லிட்டர் வரைக்கும் பாருங்க, கடைசிப் பாட்டில் எழுத்து மங்காம தெளிவா இருக்கணும். ரிட்டர்ன் லைனையும் டேங்க் பக்கம் கழட்டி முதல் ஓட்டத்தைத் தனியா பிடிங்க. அதை விட்டா பழைய தண்ணி பின்வாசல் வழியா வந்துடும்.

புது ஃபில்டரை மாட்டும்போது கேனில் இருந்து டீசலை நேரா உள்ள ஊத்தி நிரப்புற பழக்கம் வேண்டாம், வடிகட்டின பக்கத்தில் வடிகட்டாத டீசல் போயிடும். கை பம்ப் இறுகுற வரைக்கும் அடிங்க, இல்லைன்னா டேங்க் பம்ப்பாலேயே நிரப்புங்க.

செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பழைய ஃபில்டரை வெட்டி மடிப்பை விரிச்சுப் பாருங்க. ஹை பிரஷர் பம்ப்பில் டீசலை அளந்து உள்ள விடுற மீட்டரிங் வால்வைக் கழட்டி, அந்த வாயில் இருக்கிற டீசலை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் காட்டுங்க. கறுப்பு கிடந்தா பரவாயில்லை. இரும்புப் பொடி மினுக்கு இருந்தா நிறுத்திடுங்க. பம்ப் மட்டும் மாத்தி ஓட்டினா ரெயிலில் மிச்சம் இருக்கிற பொடி புது இன்ஜெக்டரையும் தின்னுடும். பம்ப், ரெயில், பைப், இன்ஜெக்டர், டேங்க் கழுவல் எல்லாம் ஒரே தடவையில் போகணும்.

மினுக்கு இல்லைன்னா பத்து நொடி செல்ஃப், ஒரு நிமிஷம் ஓய்வு. ரெயிலில் போதுமான பிரஷர் ஏறாம கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது, நாலஞ்சு தடவை எடுக்கும். பழைய வண்டிப் பழக்கத்தில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்காதீங்க. காமன் ரெயிலில் அந்தப் பீச்சல் தோலைத் துளைச்சு உள்ள போகும், சின்னப் புள்ளியாத்தான் தெரியும், அப்பவும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

50 கிலோமீட்டரில் கிண்ணம் வடிச்சுப் பாருங்க. 500இல் ஃபில்டரை இன்னொரு தடவை மாத்துங்க.

மணல்மேடு:
பெட்ரோல் ஜீப்புக்கும் இதே முறைதானா? எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணியைத் தானே கரைச்சு எரிச்சுடும்னு சொல்றாங்களே.

வடிகட்டி:
ஓரளவு வரைதான் கரைக்கும். 10 சதவீத எத்தனால் கலவை 15 டிகிரி வாக்கில் சுமார் அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும். 60 லிட்டருக்கு 300 மில்லி. குளிரக் குளிர இந்த அளவு குறையும். எல்லை தாண்டினால் தண்ணீர் மட்டும் பிரியாது, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காக இறங்கும். அடியில் பம்ப்புக்குக் கிடைப்பது எரியாத கலவை, மேலே மிஞ்சும் பெட்ரோல் ஆக்டேன் குறைந்தது. புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மொத்தமாக எடுக்க வேண்டும். பகலில் ஓடிய வண்டி குளிர்ந்த விடியலில் மிஸ்ஃபயர் அடித்தால் முதலில் இதைப் பாருங்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீருக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உதவும். டீசலில் எந்த ஆல்கஹாலும் ஊற்றாதீர்கள். தீப்பற்றும் வெப்பநிலை கீழே இறங்கும், வழுவழுப்பும் குறையும்.

பெட்ரோல் வண்டியில் டேங்க் மூச்சு விடுவது பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா வழியாக. பிரீதரைத் தேடுவதற்குப் பதில் அந்த டப்பாவின் காற்று வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கரி நனைந்தால் பெட்ரோல் போடும்போது பங்க் துப்பாக்கி அடிக்கடி கட்டாகும். டேங்க்கைத் திறக்கும்போது பொறி பறக்கும் எதுவும் பக்கத்தில் கூடாது. பம்ப்பை நேராக வயர் கொடுத்து ஓட்டும் வேலையும் பெட்ரோலில் வேண்டாம்.

நாலுசக்கரம்:
சுத்தம் முடிஞ்சதும் ரெண்டாவது வாட்டர் செப்பரேட்டர் போடுறது நல்லது. டேங்க்குக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவில், 30 மைக்ரான். உள்விட்டம் இருக்கிற லைனுக்குச் சமமா இருக்கணும், டர்போ பக்கம் போகக்கூடாது, கிண்ணத்துக்குக் கீழ ஒரு பாட்டில் நிக்க இடம் விடணும்.

டீசல்காது:
போடலாம், ஆனா 2 மைக்ரான் போடுறவங்களைத் தடுங்க. உறிஞ்சுற பக்கத்தில் அவ்வளவு நெருக்கமான பேப்பர் போட்டா பம்ப் மூச்சுத் திணறும், அழுக்கு முழுக்க முதல் ஃபில்டரிலேயே அடைக்கும். இன்னொண்ணு, டேங்க்கில் பம்ப் இல்லாத வண்டியில் அந்த லைன் வெற்றிடத்தில் ஓடும். கிளிப் தளர்ந்தா டீசல் சொட்டாது, காத்துதான் உள்ள போகும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. தேடுறவன் சொட்டு தேடிக்கிட்டே இருப்பான். டேங்க்கில் பம்ப் இருந்தா வெளிய கசியும், கண்ணுல படும்.

சேர்க்கை மருந்தைப் பத்தியும் ஒரு வரி. தண்ணியை டீசலோட கலக்க வைக்கிற வகை காமன் ரெயிலுக்கு ஆகாது, செப்பரேட்டரை ஏமாத்தி பம்ப்புக்கே கொண்டுபோய் விடும். தண்ணியைப் பிரிச்சுத் தள்ளுற வகைன்னு டப்பாவில் போட்டிருந்தா மட்டும் வாங்குங்க.

கார்பரேட்டர்காலம்:
வடிச்ச தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவில் பழுப்பாவோ கறுப்பாவோ கொழகொழன்னு ஒரு ஏடு இருந்தா அது பூஞ்சை. தண்ணி ரொம்ப நாளா கிடந்திருக்குன்னு அர்த்தம், ஓடையில் நேத்து ஏறினது இல்லை. கொல்லி மருந்து போட்டா செத்த ஏடு மொத்தமும் ஃபில்டருக்குத்தான் வரும், மாத்து ஃபில்டர் ரெண்டு கையில் இல்லாம ஊத்தாதீங்க. முதல்ல தண்ணியை எடுங்க, தண்ணி இல்லாம அது வளராது.

சேற்றுப்பாதை:
பார்த்தாச்சு. டேங்க் அடியில் இருந்து முதல் அஞ்சு லிட்டரில் 350 மில்லி தண்ணி, பம்ப் பானையில் தனியா 200. ஏடு இல்லை, துணியில் மினுக்கு இல்லை. பிரீதர் ஹோஸ் டேங்க் மேல இருக்கிற முழங்கைப் பக்கத்தில் பாதி சுற்றுக்கு வெடிச்சிருக்கு. சேறு காஞ்சு வெடிப்பை மூடியிருந்ததால வெளியில் நல்லாத்தான் தெரிஞ்சது, வளைச்சதும் வாய் பிளந்தது. புது ஹோஸ் எந்த ரகம் வாங்கணும்? எங்க வரைக்கும் ஏத்தலாம்?

நாலுசக்கரம்:
எஸ்ஏஇ ஜே30 ஆர்9ன்னு உடம்பில் அச்சடிச்ச எரிபொருள் ஹோஸ், பழசோட உள்விட்டம். டேங்க்குக்கு உள்ள டீசலில் மூழ்குற துண்டுக்கு அது ஆகாது, அதுக்கு ஆர்10. ஃபில்லர் கழுத்து ஓரமா மேல ஏத்தி, மூடி மட்டத்தைத் தாண்டி, பாடி உட்பக்கத்தில் முனையைக் கீழ்நோக்கி வளைச்சு விடுங்க. கேபினுக்குள்ள விடாதீங்க, வாடை வரும். வழியில் எங்கேயும் தொய்வு இருக்கக்கூடாது, தொய்வில் டீசல் தேங்கினா காத்து போகாம டேங்க் உள்ளுக்கு ஒட்டும். வண்டி கவிழ்ந்தா மூடிக்கிற வால்வு பழைய லைனில் இருந்தா அதை எடுத்துடாம அதே நிமிர்ந்த நிலையில் திரும்ப மாட்டுங்க. மாட்டி முடிச்சதும் முனையில் வாயை வெச்சு மெல்ல ஊதிப் பாருங்க, மூடி திறந்திருக்கும்போது தடையில்லாம போகணும்.